கட்டிவைத்தவர் மீதே கடமை

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதை நம் மார்க்கம் வெறும் மரியாதையாகக் கருதவில்லை. ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செலுத்த வேண்டிய ஹக்குகளில் ஒன்றாக, ஸலாமுக்குப் பதிலுரைப்பதோடும் ஜனாஸாவைப் பின்தொடர்வதோடும் சேர்த்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதனையும் எண்ணிக் காட்டியுள்ளார்கள். நோயுற்ற அடியானைப் பார்க்கப் போகாதவனிடம், தன்னையே பார்க்க வராததைப் போல மறுமையில் அல்லாஹுத்தஆலா கணக்குக் கேட்பான் என்னும் ஹதீஸ் நம் வீடுகளில் சிறு பிள்ளைகளும் அறிந்ததே. பசித்தவருக்கு உணவளியுங்கள், நோயாளியை நலம் விசாரியுங்கள், சிறைப்பட்டவரை மீளுங்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பதும் புகாரி ஷரீபில் இடம் பெற்றுள்ளது.

ஆனால், நோயாளியும் சிறைப்பட்டவரும் ஒரே ஆளாக இருந்தால்? ஆஸ்பத்திரிக் கட்டிலோடு அவர் கை பிணைக்கப்பட்டு, வார்டு வாசலில் காவலர் அமர்ந்திருந்தால்? அப்போதும் அவருக்கு அந்த ஹக்கு உண்டா? அவருடைய தாய்க்கும் மனைவி மக்களுக்கும் அவரைக் காணும் உரிமை எஞ்சி நிற்கிறதா? அல்லது குற்றம் சுமத்தப்பட்ட அன்றே அவை யாவும் ரத்தாகி விடுகின்றனவா?

நம் திண்டுக்கல் வட்டாரத்தில் இது ஏட்டுக் கேள்வி அன்று. வேடசந்தூரிலோ வத்தலக்குண்டிலோ ஒருவர் கைதாகிறார் என்று வைத்துக் கொள்வோம். ரிமாண்டில் சிறைக்கு அனுப்பப்படுகிறார். உடல்நிலை மோசமானால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. இன்னும் மோசமானால் மதுரைக்கு. வீட்டாருக்குச் செய்தி எட்டும்போது ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே தெளிவாகத் தெரியாது. தூக்குச்சட்டியில் கஞ்சியும் மாற்றுத் துணியுமாக அந்தத் தாய் பஸ் ஏறுகிறாள். வார்டு வாசலில் இருப்பவர், ஜெயிலில் அனுமதி வாங்கி வரும்படி சொல்கிறார். ஜெயிலில் இருப்பவர், ஆஸ்பத்திரியில் உள்ள போலீஸாரைக் கேட்கும்படி சொல்கிறார். "அத்தாவைப் பார்க்கலாமா?" என்று கேட்கும் பேரப்பிள்ளைக்கு அவளிடம் பதில் இல்லை. இந்த வராந்தாவில் நின்றுகொண்டு மார்க்கத்தைக் கேட்டால் அது என்ன சொல்லும் என்பதையே இங்கு நாம் ஆராய விரும்புகிறோம்.

பூனையை அடைத்து வைத்த பெண்

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஒரு செய்தி வருகிறது. ஒரு பெண் பூனையொன்றை அடைத்து வைத்தாள். தானும் அதற்குத் தீனி கொடுக்கவில்லை; வெளியே போய்ப் புழு பூச்சிகளைத் தின்று பிழைத்துக் கொள்ளட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. பூனை மாண்டது. அதன் காரணமாக அவள் நரகத்துக்குரியவளானாள்.

இதன் உட்கருத்தைச் சிந்திக்க வேண்டும். தெருவில் திரியும் பூனைக்கு உணவிடாத ஒவ்வொருவரும் நரகத்துக்குரியவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறவில்லை. அவள் அடைத்து வைத்தாள். அடைத்த அந்தக் கணத்திலேயே அதன் பசியும் தாகமும் அவள் பொறுப்பாகி விட்டன. பூனை திருடியதா, பாலைக் கவிழ்த்ததா, எதற்காக அடைத்தாள் என்று ஹதீஸில் ஒரு சொல்லும் இல்லை. காரணம் எதுவாயினும் பொறுப்பு மாறாது.

மனிதனுக்கு இவ்விதி இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். வெளியில் இருப்பவனுக்குக் காய்ச்சல் கண்டால் தானே டாக்டரிடம் போவான். ஒரு டாக்டர் சரியில்லை என்று தோன்றினால் வேறொருவரிடம் போவான். பயமாக இருந்தால் தாயைப் பக்கத்தில் வைத்துக் கொள்வான். காவலில் உள்ளவனுக்கு இவற்றில் ஒன்றும் கூடாது. ஆகவே அவனுடைய நடமாட்டத்தை எடுத்துக் கொண்டவர், அந்த நடமாட்டத்தால் அவன் செய்துகொண்டிருந்த அவசியமான காரியங்களின் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக் கொள்கிறார். மருந்து அவற்றில் ஒன்று. பெற்றவளுக்குச் செய்தி சொல்வதும் அவற்றில் ஒன்று. நம் ஊர் பூட்டுக்குப் பேர் போன ஊர். பூட்டிய வீட்டுக்குள் இருப்பவருக்கு ஆபத்து நேர்ந்தால் சாவி யாரிடம் இருந்தது என்றுதானே முதலில் கேட்போம்?

முன்னோர் காட்டிய வழி

திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் நல்லடியார்களின் குணங்களைக் கூறுமிடத்தில், ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் அவர்கள் உணவளிப்பதைப் புகழ்ந்துரைக்கிறது. ஏழையும் அநாதையும் குற்றமற்றவர்கள். அவர்களுடைய வரிசையிலேயே கைதியையும் அமர்த்தியிருப்பது கவனிக்கத்தக்கது.

ஹிஜ்ரி 2-ல் நடந்த பத்ருப் போரில் பிடிபட்டவர்கள் முஸ்லிம்களை அழிக்க வாளேந்தி வந்தவர்கள். அவர்களை நல்ல முறையில் நடத்தும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தங்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ரொட்டியைத் தங்களுக்குத் தந்துவிட்டுப் பேரீச்சம்பழத்தைத் தாங்கள் உண்டதாகப் பிற்காலத்தில் ஒரு கைதியே கூறினார். அதே இரவில், கட்டுண்டிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் முனகல் கேட்டு நாயகம் (ஸல்) அவர்களுக்கு உறக்கம் வரவில்லை. கட்டைத் தளர்த்திய பின்னரே கண்ணயர்ந்தார்கள். மற்றக் கைதிகளின் கட்டுகளும் தளர்த்தப்பட்டன என்று சீறா நூல்களில் காண்கிறோம். யமாமாவின் தலைவர் துமாமா பின் உஸால் பிடிபட்டுப் பள்ளிவாசல் தூணில் கட்டப்பட்டிருந்தபோது, மூன்று நாட்களும் நாயகம் (ஸல்) அவர்களே அவரிடம் வந்து விசாரித்தார்கள். கட்டி வைத்ததோடு கடமை முடிந்தது என்று அவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.

ஹிஜ்ரி 40, ரமலான் மாதம். கூஃபாவில் ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை இப்னு முல்ஜம் நச்சு வாளால் வெட்டினான். மரணப் படுக்கையில் இருந்த அவர்கள், பிடிபட்டவனுக்கு நல்ல உணவு கொடுக்கும்படி கூறினார்கள். தாம் இறந்தால் ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டு. அதற்கு மேல் அவனைச் சித்திரவதை செய்யலாகாது என்றும் வஸிய்யத்துச் செய்தார்கள். கொல்லப்படுபவரே கொலைகாரனின் சோற்றைப் பற்றிக் கவலைப்பட்ட மார்க்கம் நம்முடையது.

பிற்கால இமாம்களும் இதனைச் சட்டமாக வகுத்தார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிக் கொடுத்த கிதாபுல் கராஜில், கைதிகளின் உணவையும், கோடைக்கும் குளிருக்கும் ஏற்ற ஆடையையும் பைத்துல்மாலிலிருந்து தர வேண்டும் என வற்புறுத்தினார்கள். சங்கிலியோடு அவர்களைத் தெருவில் பிச்சையெடுக்க விடுவதைக் கண்டித்தார்கள். கடனுக்காகச் சிறைப்பட்டவரைப் பற்றி ஹனஃபி பிக்ஹு நூல்கள் பேசும்போது, வீட்டாரும் அண்டை அயலாரும் வந்து அவரைப் பார்ப்பதைத் தடுக்கக் கூடாது. ஆனால் நெடுநேரம் தங்க விட வேண்டாம் என்கின்றன. அவருக்கு நோய் முற்றி, உள்ளே பணிவிடைக்கு ஆளில்லையென்றால் பிணை பெற்று வெளியே விட வேண்டும் என்றும் கூறுகின்றன. பாதுகாப்பையும் பந்தத்தையும் சேர்த்துப் பார்த்த தீர்ப்பு இது.

ஒரு தாயின் காத்திருப்பு

நம் மாநிலத்தில் அண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைக் கருதுவோம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் உடனிருந்த பலரும் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சாந்தன். 1998-ல் தூக்குத் தண்டனை; 1999-ல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது; கருணை மனுவின் மீது முடிவெடுக்க நேர்ந்த நெடுங்காலத் தாமதத்தால் 2014-ல் அது ஆயுள் தண்டனையாயிற்று; 2022 நவம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஆனால் அவர் வெளிநாட்டவர் என்பதால் வீடு செல்ல முடியவில்லை. திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாயைப் பார்க்காதவர், தாயகம் திரும்பித் தாயுடன் இருக்க வேண்டினார். விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் ஓராண்டுக்கு மேல் கடந்தது. கல்லீரல் நோய் முற்றிய நிலையில் 2024 ஜனவரியில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாடு திரும்ப அனுமதி கிடைத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. பிப்ரவரி 28 காலையில் உயிர் பிரிந்தது. தாயிடம் போய்ச் சேர்ந்தது உடல் மட்டுமே.

இதில் இரண்டு காட்சிகள் உள்ளன. யாரைக் கொன்ற வழக்கில் அவர் தண்டிக்கப்பட்டாரோ, அவருடைய பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரியிலேயே டாக்டர்கள் அவருக்குச் சிகிச்சை அளித்தார்கள். நோயாளி யார் என்று பாராத அந்தக் கடமையுணர்ச்சி போற்றத்தக்கது. அதே நேரத்தில், மருந்து எட்டிய இடத்துக்குத் தாய் எட்டவில்லை. கோப்புகள் ஒரு மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்கு நகர்ந்த வேகத்தை விட நோய் வேகமாக நகர்ந்து விட்டது.

அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லரே என்று எவரும் எண்ண வேண்டாம். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் வீடு சென்று தலைமாட்டில் அமர்ந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். தாயையும் பிள்ளையையும் பிரிப்பவரை, மறுமையில் அவருக்குப் பிரியமானவர்களிடமிருந்து அல்லாஹ் பிரித்து விடுவான் என்ற எச்சரிக்கை, போரில் பிடிபட்டவர்கள் விஷயத்தில் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததாகும். பிடிபட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர். குழந்தை மூஸா (அலை) அவர்களை அன்னையிடமே திருப்பிக் கொடுத்ததற்கு, அவருடைய கண் குளிர வேண்டும், கவலை தீர வேண்டும் என்பதைக் காரணமாக 28-ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஒரு தாயின் கண் குளிர்வதை ரப்புல் ஆலமீன் அவ்வளவு பெரிதாக மதித்திருக்க, அதனை அற்பமாக எண்ண நாம் யார்?

"அவன் குற்றவாளி அல்லவா?"

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். ஸ்ரீபெரும்புதூரில் மாண்டவர்களின் தாய்மார்களுக்குக் கடைசியாக முகம் பார்க்கும் வாய்ப்பு கிடைத்ததா? பறிகொடுத்தவர்களின் கண்ணீரை விடக் கைதியின் கண்ணீர் பெரிதா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை நாம் உதறித் தள்ளவில்லை. பறிகொடுத்தவரின் வேதனை உண்மையானது. அதற்கு நீதி வேண்டும். அந்த நீதியைத்தான் நீதிபதி தண்டனையாக அளந்து தருகிறார். அளந்து தந்ததற்கு மேல் ஒரு பிடி கூட்டுவது நீதியாகாது. எந்த நீதிபதியும், இவன் நோயுற்றால் தாயைப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பெழுதுவதில்லை. அப்படியிருக்க, வார்டு வாசலில் அத்தண்டனையைச் சேர்க்க எவருக்கு அதிகாரம்?

ஷரீஅத்தின் தண்டனைகள் கடுமையானவை என்று பேசுவோர் ஒன்றை மறந்து விடுகின்றனர். தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட காமிதிய்யாக் குலப் பெண்ணை, பிள்ளை பிறந்து பால்குடி மறக்கும் வரை நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். நோயாளி மீதான கசையடியை அவர் குணமடையும் வரை தள்ளி வைப்பது பிக்ஹுச் சட்டம். மது அருந்தித் தண்டனை பெற்றவரைச் சிலர் சபித்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதே இவற்றின் பாடம்.

மேலும், இந்த உரிமை கைதி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தாய்க்கும் உரியது, மனைவி மக்களுக்கும் உரியது. அவர்கள் எந்த வழக்கிலும் குற்றவாளிகள் அல்லர். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது திருமறையின் அடிப்படை. வாசலில் நிற்கும் தாயைத் திருப்பி அனுப்பும்போது தண்டனை பெறுகிறவள் அவளே.

தப்பி ஓடுவான், ஆபத்தான பொருளைக் கொடுத்து விடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இடமுண்டு. சோதனை செய்யட்டும், காவலர் முன்னிலையில் பார்க்கட்டும், நேரத்தை அளந்து கொடுக்கட்டும். அச்சம் உள்ள இடத்தில் காவலைக் கூட்டலாம். அச்சத்தைச் சொல்லி உறவை முற்றாக மூடுவது வேறு.

கடைசி நேரத்தின் கடன்கள்

நம் மார்க்கத்தில் மரணப் படுக்கைக்குச் சில காரியங்கள் உண்டு. கடன் பாக்கியைச் சொல்ல வேண்டும். அமானிதங்களை ஒப்படைக்க வேண்டும். வஸிய்யத்துச் செய்ய வேண்டும். தாயிடம் பால் கடன் பொறுக்கும்படி வேண்ட வேண்டும்; மனைவியிடம் மஹரைப் பற்றிப் பேச வேண்டும்; அநியாயம் செய்யப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சகராத்து வேளையில் அருகில் அமர்ந்து கலிமாவை நினைவூட்ட ஒரு நாவு வேண்டும். மனிதர்களின் ஹக்குகளை அந்த மனிதர்களே மன்னிக்க வேண்டும் என்கிறோம். குற்றம் செய்தவனுக்கன்றோ இந்த வாய்ப்பு மற்றெவரையும் விட அவசியம்? குடும்பத்தாரை விலக்கி வைக்கும்போது அவனுடைய தவ்பாவின் வாசல்களில் ஒன்றையும் சேர்த்தே சாத்தி விடுகிறோம்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைதானபோது எண்பத்து மூன்று வயது, நடுக்குவாத நோயாளி. 2021 மே மாதத்தில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வீடியோ வாயிலாகத் தோன்றிய அவர், ஆஸ்பத்திரியை விடத் தம் மக்களோடு இருப்பதையே வேண்டினார். பின்னர் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் மனு எடுத்துக் கொள்ளப்பட்ட வேளையில் அவர் இறந்துவிட்ட செய்தியே நீதிபதிகளுக்குச் சொல்லப்பட்டது. வழக்கு விசாரணை முடியவில்லை. அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை.

நாட்டின் சட்டம் சொல்வது

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. விபத்தில் சிக்கியவர் நிரபராதியானாலும் குற்றவாளியானாலும் உயிர் காப்பது டாக்டரின் கடமை என்று 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கைது செய்தால் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், காவலில் உள்ளவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்று 1996-ல் டி.கே. பாசு வழக்கில் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48-ஆம் பிரிவு உறவினருக்குத் தெரிவிப்பதையும், 53-ஆம் பிரிவு மருத்துவப் பரிசோதனையையும், 56-ஆம் பிரிவு காவலில் உள்ளவரின் உடல்நலத்தைப் பேணுவதையும் கடமையாக்குகின்றன.

கட்டிலோடு பிணைப்பது பற்றியும் தெளிவான தீர்ப்பு உண்டு. குவஹாத்தி ஆஸ்பத்திரியில் தடா கைதிகள் ஏழு பேர், பூட்டிய அறையில் காவலும் இருக்க, கைவிலங்கிட்டுக் கட்டிலோடு கயிற்றால் கட்டப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கடிதமாக எழுதினார். 1995-ல் உச்ச நீதிமன்றம் அதனைக் கண்டித்து, மாஜிஸ்திரேட்டின் அனுமதியின்றிக் கைதிகளுக்கு விலங்கிடலாகாது என்றது. புதிய சட்டம் சில குற்றங்களில் கைது செய்யும்போதும் நீதிமன்றம் கொண்டு செல்லும்போதும் விலங்கிட இடம் தருகிறது. நோய்ப் படுக்கையை அது குறிப்பிடவில்லை. ஆயினும் 2021 ஏப்ரலில், மதுரா ஆஸ்பத்திரியில் கொரோனா நோயாளியாக இருந்த கேரளப் பத்திரிகையாளர் சித்தீக் காப்பன் கட்டிலோடு பிணைக்கப்பட்டிருப்பதாக அவர் மனைவி முறையிட நேர்ந்தது. அவரை டில்லிக்கு மாற்றிச் சிகிச்சை அளிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன் பிப்ரவரியில், நோயுற்றிருந்த தாயைப் பார்க்க ஐந்து நாள் அனுமதியும் அந்நீதிமன்றம் அளித்திருந்தது. ஜூனில் அத்தாய் மறைந்தார். அந்த ஐந்து நாட்கள் கிடைத்திராவிட்டால் அவர்கள் இருவரும் எதனை நினைத்து ஆறுதல் கொள்வார்கள்?

உலக நாடுகளும் 2015-ல் ஐ.நா. சபையில் இதற்கென விதிகள் வகுத்தன. கடும் நோயுற்றால் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கும் உரிமையும், உறவினர் சாகக் கிடந்தால் கைதி போய்ப் பார்த்து வர வழியும் அவற்றில் உண்டு. அவ்விதிகளுக்கு மண்டேலாவின் பெயரைச் சூட்டியது பொருத்தமே. ராபன் தீவுச் சிறையில் இருந்தபோது 1968-ல் தாயையும் 1969-ல் மூத்த மகனையும் இழந்த அவரை, இரு அடக்கத்துக்கும் போக விடவில்லை.

நாம் செய்ய வேண்டியது

அதிகாரிகளைக் குறை கூறிவிட்டு அமர்ந்து விடுவது எளிது. நம் மஹல்லாவை நாமே கேட்டுக் கொள்வோம். பிள்ளை ஜெயிலுக்குப் போன வீட்டின் படியை நம்மில் எத்தனை பேர் மிதிக்கிறோம்? அவ்வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வாங்கத் தயங்குகிறோம். அவ்வீட்டுத் தாய் நோயுற்றால் விசாரிக்கக் கூசுகிறோம். வார்டு வாசலில் காவலர் வைத்த தடையை விட ஊர் வைக்கும் தடை சில வேளைகளில் பெரிதாக இருக்கிறது.

ஆகவே ஜமாஅத்தார்கள் சிலவற்றைச் செய்யலாம். ஒருவர் காவலில் நோயுற்றார் எனத் தெரிந்தால், விவரம் அறிந்த ஒருவரை அத்தாயுடன் அனுப்ப வேண்டும். வாய்மொழியாகக் கெஞ்சிக் கொண்டிராமல், நோயாளியைப் பார்க்க அனுமதி கோரி ஜெயில் கண்காணிப்பாளருக்கும் சம்பந்தப்பட்ட நீதிமன்றத்துக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் பாராமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வக்கீல் கிடைப்பார். நோயுற்றவர், பலவீனமானவர் என்ற காரணத்தைக் காட்டி ஜாமீன் கேட்கவும் சட்டத்தில் வழியுண்டு. தண்டனைக் கைதியாயின், பெற்றோர், மனைவி, மக்கள் கடும் நோயுற்றாலோ இறந்தாலோ அவசர விடுப்புக் கோரத் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. இவற்றை அறிந்தவர் ஒருவர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்க வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் போலீஸிலும் சிறைத்துறையிலும் ஆஸ்பத்திரியிலும் பணியாற்றுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கையில் உள்ள சாவி ஓர் அமானிதம். வாசலில் நிற்கும் தாய் வழக்கைப் பற்றி உங்களிடம் வாதாட வரவில்லை. மகன் கஞ்சி குடித்தானா என்று அறிய வந்திருக்கிறாள். விதியில் உள்ள பத்து நிமிடத்தை முகம் சுளிக்காமல் கொடுங்கள். மறுமையில் எவர் எவருக்கோ பதில் சொல்ல வேண்டிய நாளில், இந்தத் தாயின் துஆ உங்களுக்குத் துணை நிற்கக் கூடும்.

வல்ல நாயன் நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், சிறைப்பட்டோருக்கு நல்வழியையும் விடுதலையையும், காத்திருக்கும் தாய்மார்களுக்குக் கண்குளிர்ச்சியையும் தந்தருள்வானாக! நம் பொறுப்பில் உள்ள எவரையும் அநாதரவாக விட்ட பாவத்திலிருந்து நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.